மார்க்கா, கிரேடா, படிநிலையா, ரூப்ரிக்கா? கணக்குல பிள்ளை எங்க நிக்குதுன்னு எப்படி எழுதுறது

டெர்ம் முடியுற நேரமானா கணக்கு டீச்சருங்க கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. ஸ்கூல்ல புது ப்ராக்ரஸ் கார்டு அடிக்கப் போறாங்க, மார்க்கே இருக்கட்டும்னு ஹெச்எம் சொல்றார், கிரேடு போட்டா சண்டை கம்மின்னு கரஸ்பாண்டன்ட் சொல்றார், ட்ரெய்னிங் போயிட்டு வந்த மிஸ் ஒருத்தர் ரூப்ரிக்தான் (திறன் திறனா, மட்டம் மட்டமா பிள்ளை என்ன செய்யும்னு எழுதுற பட்டியல்) சரிங்கறாங்க, நடுவுல நாங்க எதை எடுக்கிறது? டியூஷன் நடத்துறவங்களும் வீட்ல உக்காந்து சொல்லிக்குடுக்கிற அம்மா அப்பாவும் இதையே வேற மாதிரி கேக்குறாங்க: "பையன் கணக்குல வீக்னு எழுதி அனுப்பிருக்காங்க, வீக்னா என்ன சார்?"

எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமா படுது. பிள்ளையோட நிலைக்கு என்ன பேர் வேணா வைங்க, ஆனா அதைப் படிக்கிறவங்களுக்கு இந்தப் பிள்ளை எந்தக் கணக்கைப் போடும், எந்த இடத்துல மாட்டும்னு தெரியணும். அது தெரியாத பேர் எல்லாம் வெறும் முத்திரை. நாலு வழியையும் இந்தக் கண்ணோட பாத்துட்டுத்தான் பிடிச்சது பிடிக்காததுன்னு சொல்லப் போறேன்.

## எதை வெச்சு எடை போடுறது

முதல்ல, இதைப் படிக்கப் போறது யாரு. அடுத்த வருஷ டீச்சரா, பேரன்ட்ஸா, பிள்ளையேவா, இல்ல அட்மிஷன் குடுக்கிற ஆபீஸா? நாலு பேருக்கும் வேண்டியது வேற வேற. பாதி ஸ்கூல்ல ஒரே கார்டுல எல்லாருக்கும் சொல்லப் பாத்து யாருக்குமே சொல்லாம முடிஞ்சிடுது.

ரெண்டாவது, அடுத்து என்ன சொல்லிக்குடுக்கணும்னு அதுல இருந்து தெரியுதா. மூணாவது, அதே பேப்பரை பக்கத்து கிளாஸ் டீச்சர் திருத்தினாலும் அதே முடிவுதான் வருமா. நாலாவது வேலை. 40 பிள்ளைங்க, 6 திறன்னு வெச்சா ஒரு டெர்முக்கு 240 கட்டம் நிரப்பணும், இதை யாரும் மொதல்ல கணக்குப் போட்டுப் பாக்குறதே இல்ல. அஞ்சாவது, பிள்ளை அதைக் கேட்டா தன்னைப் பத்தி என்ன நினைக்கும்.

## மார்க்

எல்லாருக்கும் பழகினது, ரெண்டே நிமிஷத்துல புரியுறது, விளக்கம் தேவையில்லாதது. சண்டை வந்தா பேப்பரை எடுத்துக் காட்டலாம், ஸ்டெப் மார்க் எங்க போச்சுன்னு பேசலாம். விடைக்குறிப்பு ஒழுங்கா இருந்தா ரெண்டு டீச்சர் திருத்தினாலும் பெருசா வித்தியாசம் வராது. இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல.

பிரச்சனை எங்கன்னா ஒரே எண்ணுக்குள்ள ரெண்டு வேற வேற பிள்ளைங்க ஒளிஞ்சுக்கலாம். தமிழ்நாடு பத்தாம் வகுப்பு கணக்கு பேப்பரையே எடுத்துக்கோங்க. ஒரு மார்க் 14 கேள்வி, ரெண்டு மார்க்ல 10, அஞ்சு மார்க்ல 10, அப்புறம் எட்டு மார்க்ல செய்முறை வடிவியல் ஒண்ணு, கிராஃப் ஒண்ணு, மொத்தம் 100, பாஸ் 35. இப்ப ரெண்டு பேர், ரெண்டு பேருமே 47. முதல் பொண்ணு புக் பேக் ஒரு மார்க்கை எல்லாம் மனப்பாடம் பண்ணி 13 வாங்கிடுச்சு, வடிவியலும் கிராஃபும் திரும்பத் திரும்ப போட்டுப் பாத்து 16-ம் முழுசா வந்துடுச்சு, ரெண்டு மார்க்ல 10, அஞ்சு மார்க்ல அங்க இங்க ஸ்டெப் போட்டு 8. ரெண்டாவது பையன் ஒரு மார்க்ல 6-தான், கிராஃப் பக்கமே போகல, வடிவியல்ல உதவிப்படத்துக்கு 3, ஆனா ரெண்டு மார்க்ல 12, அஞ்சு மார்க்ல 26. இயற்கணிதமும் முக்கோணவியலும் அவனுக்குப் புரிஞ்சிருக்கு, வரையுறதுக்குத்தான் சோம்பேறித்தனம். பொண்ணுக்கு வரையுறதைத் தவிர மத்ததெல்லாம் ஆட்டம். பதினொண்ணாவதுல கணக்கு குரூப் கேட்டு வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே பதிலா சொல்வீங்க? மார்க் சீட்டு அதைத்தான் சொல்லச் சொல்லுது.

இன்னொரு மறைமுகச் செலவு, மார்க் மத்த எல்லாத்தையும் முழுங்கிடும். பேப்பர்ல அழகா ரெண்டு வரி கமென்ட் எழுதி, மேல 12/20-ன்னும் போட்டா பிள்ளை 12-ஐப் பாக்கும், பக்கத்து பெஞ்சுல எவ்வளவுன்னு கேக்கும், பேப்பரை மடிச்சு பைக்குள்ள வெச்சுடும். இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. இஸ்ரேல்ல ரூத் பட்லர்ங்கிற ஆராய்ச்சியாளர் 1988-ல வெளியிட்ட ஆய்வுல கமென்ட் மட்டும் வாங்கின பிள்ளைங்கதான் முன்னேறினாங்க, மார்க்கும் கமென்ட்டும் சேர்த்து வாங்கினவங்க மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரியேதான் இருந்தாங்க. கஷ்டப்பட்டு எழுதின கமென்ட் வீண்.

மார்க் எப்ப சரி: 9, 10-ம் வகுப்பு, ஏன்னா பரீட்சையே மார்க்லதான் நடக்குது, அதை மறைக்கிறது பிள்ளைக்குச் செய்யுற துரோகம். ஆனா 47-ன்னு மொத்தமா போடாதீங்க. ஒரு மார்க் பகுதியில எவ்வளவு, வடிவியல், கிராஃப், அஞ்சு மார்க்ல எந்தப் பாடம்னு பிரிச்சுப் போடுங்க. எக்ஸெல்ல நாலு காலம் கூட, அவ்வளவுதான் செலவு, பலன் ரொம்பப் பெருசு.

## கிரேடு

கிரேடுன்னாலே மார்க்கை விட மென்மையானது, பிள்ளைக்கு டென்ஷன் கம்மின்னு ஒரு நம்பிக்கை இருக்கு. முதல்ல எந்த கிரேடுன்னு கேளுங்க, ஏன்னா ரெண்டு வகை இருக்கு, பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள முற்றிலும் வேற.

ஒண்ணு மார்க்கைப் பெட்டி பெட்டியா பிரிக்கிறது. தமிழ்நாட்டுல 2012-13-ல முப்பருவ முறையோட சிசிஇ (தொடர், முழுமையான மதிப்பீடு) வந்தப்ப 91-க்கு மேல ஏ1, 81-ல இருந்து 90 ஏ2, 71 முதல் 80 பி1, 61 முதல் 70 பி2-ன்னு போச்சு. இலங்கை ஓ/எல்-லயும் (அங்க நடக்குற சாதாரண தரப் பொதுத் தேர்வு) இதே கதைதான், 75-க்கு மேல ஏ, 65 பி, 50 சி, 35 எஸ், அதுக்குக் கீழ டபிள்யூ. இன்னொண்ணு வரிசையில நிக்க வெச்சுப் பிரிக்கிறது. சிபிஎஸ்இ பத்தாவதுல அந்தப் பாடத்துல பாஸானவங்களை வரிசைப்படுத்தி முதல் எட்டுல ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டுல ஒரு பங்குக்கு ஏ2-ன்னு போகும். அதாவது உங்க பொண்ணோட ஏ1 அவளுக்கு என்ன தெரியும்ங்கறதை மட்டும் சொல்லல, அந்த வருஷம் மத்தவங்க எப்படி எழுதினாங்கன்னும் சேர்த்துச் சொல்லுது. இந்த வருஷ பி1-ஐயும் போன வருஷ பி1-ஐயும் பக்கத்துல வெச்சு கிளாஸ் முன்னேறிடுச்சுன்னு மீட்டிங்ல பேசுறவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும்.

பெட்டி முறையிலயும் ஓட்டை இருக்கு. 60-ம் 61-ம் ஒரு மார்க் வித்தியாசம், ஆனா வேற வேற கிரேடு. 61-ம் 70-ம் ஒரே கிரேடு. அப்புறம் சிசிஇ காலத்துல வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே பாக்குறது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசி எழுத்துத் தேர்வு) 60. அந்த 40 எப்படிப் போடப்பட்டுச்சுன்னு அப்ப வேலை பாத்த எந்த டீச்சரைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. சார்ட் ஒட்டினா மார்க், ப்ராஜெக்ட் கடையில வாங்கிக் குடுத்தாலும் மார்க். அந்த 40 தாராளமா விழுந்தா எழுத்துத் தேர்வுல தடுமாறுற பிள்ளைக்கும் கிரேடு தூக்கிடும். கிரேடு பாத்து யாருக்கும் சந்தேகமே வராது, வகுத்தல் தெரியாத பிள்ளை சி1-ல உக்காந்திருக்கும்.

கிரேடு எப்ப சரி: சர்டிஃபிகேட்டுக்கு, வெளிய இருக்கிறவங்களுக்கு ஒரே பார்வையில சொல்லணும்ங்கறப்ப. ரேங்க் வெறியைக் கொஞ்சம் தணிக்கவும் உதவும். 2017-ல இருந்து தமிழ்நாட்டுல மாநில முதலிடம் யாருன்னு அறிவிக்கிறதை நிறுத்தினதும் அந்த எண்ணத்துலதான். சொல்லிக்குடுக்கிறதுக்கு மட்டும் கிரேடு பத்து பைசா பிரயோஜனம் இல்ல, இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கிடையாது.

## படிநிலை

ஏணி மாதிரி. ஒவ்வொரு படிக்கும் ஒரு வேலை, பிள்ளை நம்பிக்கையா நிக்கிற மேல்படி எதுவோ அதுதான் அதோட நிலை. பிரதம்ங்கிற கல்வித் தொண்டு அமைப்போட அசர் சோதனை 2005-ல இருந்து இப்படித்தான் பாக்குது. 1 முதல் 9 எண் அடையாளம், அப்புறம் 11 முதல் 99, அப்புறம் கடன் வாங்கிக் கழிக்கிற ரெண்டு இலக்கக் கணக்கு, கடைசியா மூணு இலக்கத்தை ஒரு இலக்கத்தால வகுக்கிறது. பிள்ளை கூட தரையில உக்காந்து ஒவ்வொருத்தரா பாப்பாங்க, பேப்பரைக் கட்டா வாங்கித் திருத்துறது கிடையாது. முடிவு எப்படி வரும்? "கழித்தல் வருது, வகுத்தல் வரல." எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். அடுத்து என்ன சொல்லிக்குடுக்கணும்னு தனியா யோசிக்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டுல எண்ணும் எழுத்தும்ங்கிற அரசுத் திட்டம் 2022-ல ஒண்ணு முதல் மூணாவது வரைக்கும் வந்தப்ப அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை வெச்சாங்க, அடுத்த வருஷமே நாலு அஞ்சுக்கும் திட்டம் போச்சு. மூணாம் வகுப்புல உக்காந்திருந்தாலும் ஒண்ணாம் வகுப்பு அளவுக்குத்தான் தெரியுதுன்னா அரும்புல ஆரம்பி, வெக்கப்படாத, அதுதான் உள்ள இருக்கிற எண்ணம். கொரோனா ரெண்டு வருஷம் முழுங்கினதுக்கு அப்புறம் வேற வழியும் இல்ல.

செலவு என்னன்னு கிளாஸ்ல நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். ஒரே ரூம்ல மூணு நிலை, ஒரு டீச்சர். பிள்ளைங்க விஷயத்துலயும் ஒண்ணு இருக்கு, பூ பேர் வெச்சா அவங்களுக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க, அரும்பு குரூப்ல யார் யார் இருக்காங்கன்னு ஒரே வாரத்துல பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும். அதனால டெர்முக்கு ஒரு தடவைன்னு இல்லாம அடிக்கடி நிலையை மாத்தணும், மாத்தலைன்னா அது குரூப் இல்ல, ஜாதி மாதிரி ஒட்டிக்கும்.

இன்னொரு விஷயம், ஏணியில படியை மட்டும் எழுதினா போதாது, ஏன் அந்தப் படியில நிக்குதுன்னும் பாக்கணும். கழித்தல் வரலைன்னு ரெண்டு பிள்ளைங்களைக் குறிச்சிருக்கீங்க. 503-ல இருந்து 268 போகணும். ஒரு பிள்ளை 245-ன்னு எழுதுது, பத்தாம் இடத்துல கடன் குடுத்ததை மறந்துடுச்சு, நாலு கணக்கு போட்டா சரியாயிடும். இன்னொரு பிள்ளை 365-ன்னு எழுதுது. பாருங்க, 3-க்கும் 8-க்கும் 5, 0-க்கும் 6-க்கும் 6, 5-க்கும் 2-க்கும் 3. எது பெருசோ அதுல இருந்து சின்னதைக் கழிச்சிருக்கு, மேல கீழங்கறதே அதுக்குக் கிடையாது. இடமதிப்பே உக்காரல. குச்சிக் கட்டை எடுத்துட்டு வந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டையும் ஒரே படியில வெச்சு ஒரே ஒர்க்‌ஷீட் குடுத்தா ரெண்டாவது பிள்ளை அந்தத் தப்பையே நல்லா பழகிக்கும்.

ஏணிக்கு ஒரு எல்லை இருக்கு. எண்ணும் நாலு செயலும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாம். ஆறாவதுக்கு மேல அளவைகள், வடிவியல், விகிதம், இயற்கணிதம்னு பக்கவாட்டுல விரியும்போது எது மேல எது கீழன்னு சொல்ல முடியாது. கோணம் வரையத் தெரிஞ்ச பிள்ளை மைனஸ் எண் கூட்டலைவிட மேல் படியா கீழ் படியா?

படிநிலை எப்ப சரி: அஞ்சாவது வரைக்கும் கண்ணை மூடிட்டு. அதுக்கு மேல அடிப்படை விட்டுப்போன பிள்ளைங்களைக் கண்டுபிடிக்கிறதுக்கு வருஷ ஆரம்பத்துல ஒரு தடவை. டியூஷன் சேர்க்கும்போது பத்து நிமிஷம் இப்படிப் பாத்துடுங்க, போன வருஷ மார்க் சீட்டைக் கேக்குறதை விட ஆயிரம் மடங்கு உருப்படி.

## ரூப்ரிக்

பாடத்தைத் திறன் திறனா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் மூணு நாலு மட்டம், ஒவ்வொரு மட்டத்துலயும் பிள்ளை என்ன செய்யும்னு எழுதுறது. நல்லா எழுதினா நாலுலயும் இதுதான் பெஸ்ட், மோசமா எழுதினா நாலுலயும் இதுதான் படுமோசம், நடுவுல எதுவும் கிடையாது.

மோசமானது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், நெட்ல இருந்து எடுத்து ஒட்டியிருப்பாங்க. மட்டம் 1: பின்னங்களைக் குறைவாகப் புரிந்துகொள்கிறார். மட்டம் 2: ஓரளவு புரிந்துகொள்கிறார். மட்டம் 3: நன்கு புரிந்துகொள்கிறார். மட்டம் 4: மிகச் சிறப்பாகப் புரிந்துகொள்கிறார். இது மார்க்கையே தமிழ்ல எழுதினது. எந்த டீச்சர் கையில குடுத்தாலும் மனசுல இருக்கிற பிள்ளையோட முகத்தைப் பாத்துத்தான் டிக் பண்ணுவாங்க.

ஆறாவது வேற்றினப் பின்னக் கூட்டலுக்கு நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

- மட்டம் 1: 1/2 + 1/3-க்கு 2/5-ன்னு போடுது, மேலயும் கீழயும் தனித்தனியா கூட்டுது. 2/5 பாதியை விடக் கம்மியாச்சேன்னு உறுத்தல.
- மட்டம் 2: 2/7 + 3/7 சரியா வருது. பகுதி வேற வேறயா இருந்தா சமான பின்னமா மாத்துறதுக்கு டீச்சர் முதல் ஸ்டெப்பை எடுத்துக் குடுக்கணும்.
- மட்டம் 3: எல்சிஎம் எடுத்து 5/6-ன்னு தானே போடுது. அரை மீட்டர் துணி, முக்கால் மீட்டர் துணின்னு வாக்கியக் கணக்கா வந்தா என்ன செய்யணும்னு கேட்டுக்கிட்டு நிக்குது.
- மட்டம் 4: போடுறதுக்கு முன்னாடியே விடை ஒண்ணைவிடக் கூடவா கம்மியான்னு சொல்லுது. 2/5-ன்னு போட்ட நோட்டைக் காட்டினா ஏன் தப்புன்னு தன் வார்த்தையில சொல்லுது.

வித்தியாசம் என்னன்னா இதுல ஒவ்வொரு வரிக்கும் நோட்டுல ஆதாரம் இருக்கு. எழுதினதும் ஒரு சோதனை பண்ணுங்க: ஏழெட்டு நோட்டைப் பேரை மறைச்சு பக்கத்து கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்து மட்டம் போடச் சொல்லுங்க. உங்களோட பாதிக்குப் பாதி ஒத்துப்போகலைன்னா குறை அந்த டீச்சர்கிட்ட இல்ல, நீங்க எழுதின வரியில.

பெரிய தேர்வுகளும் கடைசியில இங்கதான் வந்து நிக்குது. பல நாட்டுப் பிள்ளைங்க எழுதுற பீசா தேர்வோட 2009 சுற்று நீட்சியில தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துக்கிச்சு. கணக்குல தமிழ்நாட்டு சராசரி 351. அந்த எண்ணைக் கேட்டா யாருக்கும் ஒண்ணும் புரியாது. ஆனா 420-ல ஆரம்பிக்கிற ரெண்டாம் மட்டத்தைத் தொட்டவங்க சுமார் 15 சதவீதம்னு சொல்லி, ரெண்டாம் மட்டம்னா ஒரே இடத்துல குடுத்த தகவலை எடுத்து நேரடியா ஒரு சூத்திரத்துல போட்டு விடை எடுக்கிறதுன்னு விளக்கினா உடனே உறைக்கும். அதே சமயம் விளக்கம் இல்லாம பேர் மட்டும் வெளிய போனா என்னாகும்ங்கறதுக்கு அமெரிக்கா உதாரணம். அங்க நாடு முழுக்க நடத்துற நேப் தேர்வுல பேசிக், ப்ரொஃபிஷியன்ட், அட்வான்ஸ்ட்னு மூணு மட்டம். ப்ரொஃபிஷியன்ட்டுங்கறது அந்த வகுப்புக்குரிய சராசரி நிலை இல்ல, அதைவிட உயரம்னு தேர்வு நடத்துறவங்களே எழுதி வெச்சிருக்காங்க. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வந்ததும் பாதிக்கு மேல பிள்ளைங்க வகுப்பு அளவுக்குக் கூட இல்லைன்னு செய்தி ஓடும்.

ரூப்ரிக்கோட செலவு நேரம். நல்லதா ஒண்ணு எழுத ஒரு சாயங்காலம் முழுசா போயிடும். அதனால எல்லாப் பாடத்துக்கும் எழுதாதீங்க, டெர்முக்கு மூணு, மிஞ்சிப்போனா நாலு. அப்புறம் ஒரு பழக்கம் இருக்கு, அதை அடியோட விடணும்: மட்டங்களைக் கூட்டி சராசரி எடுக்கிறது. பின்னத்துல 4, கோணத்துல 1, ஆக 2.5-ன்னு எழுதினீங்கன்னா அப்படி ஒரு பிள்ளையே உலகத்துல இல்ல. எழுதின விவரம் எல்லாம் அந்தப் புள்ளியோட போச்சு.

ரூப்ரிக் எப்ப சரி: 6-ல இருந்து 8 வரைக்கும், பப்ளிக் எக்ஸாம் தலைக்கு மேல இல்லாத அந்த மூணு வருஷம். 60 பேர் இருக்கிற கிளாஸ்ல, வாரத்துக்கு முப்பது பீரியட் எடுக்கிற டீச்சர் தலையில இதைக் கட்டாதீங்க, செய்ய மாட்டாங்க, செஞ்ச மாதிரி எழுதிடுவாங்க.

## ஒரே பார்வையில

| | மார்க் | கிரேடு | படிநிலை | ரூப்ரிக் |
|---|---|---|---|---|
| யாருக்குப் பொருந்தும் | பப்ளிக் எழுதுற பிள்ளை, பேரன்ட்ஸ் | வெளி ஆபீஸ் | பேரன்ட்ஸ், கிளாஸ் டீச்சர் | டீச்சர், பிள்ளை |
| அடுத்து என்னன்னு சொல்லுதா | பிரிச்சுப் போட்டா மட்டும் | இல்ல | பளிச்சுன்னு | நல்லா எழுதினா |
| ரெண்டு டீச்சர் ஒத்துப்போவாங்களா | விடைக்குறிப்பு இருந்தா | எந்த மார்க்கை வெச்சுன்னு பொறுத்து | பெரும்பாலும் | சோதிச்சுப் பாத்தாத்தான் |
| வேலை | கம்மி | ரொம்பக் கம்மி | ஒவ்வொருத்தரா பாக்கணும் | அதிகம் |
| மறைமுகச் செலவு | மத்த எல்லாத்தையும் முழுங்கிடும் | ஓட்டையை மூடி மறைக்கும் | குரூப் பேர் ஒட்டிக்கும் | கடமைக்கு டிக் அடிக்கத் தோணும் |

"கவனம் தேவை", "நன்று", "இன்னும் முயற்சி செய்யவும்"னு ரிமார்க்ஸ் எழுதுற அஞ்சாவது வழியை டேபிள்ல சேர்க்கல, அதுல எடை போடுறதுக்கு ஒண்ணும் இல்ல.

## நான் எதை எடுப்பேன்

சின்ன ஸ்கூலா இருந்து என் கையில விட்டா அஞ்சாவது வரைக்கும் படிநிலை மட்டும், கார்டுல எண்ணே இருக்காது. 6 முதல் 8 வரைக்கும் டெர்முக்கு மூணு ரூப்ரிக், மார்க் என் ரிஜிஸ்டர்ல மட்டும் இருக்கும், யாராவது வந்து கேட்டா காட்டுவேன். அரசோட ஆன்லைன் பதிவேடு எமிஸ்ல ஏத்த வேண்டியதை அது பாட்டுக்கு ஏத்திட்டு பிள்ளை கையில குடுக்கிற தாளைத் தனியா வெச்சுக்கலாம், ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு யாரும் சொல்லல. 9, 10-ல பகுதி பகுதியா பிரிச்ச மார்க். கிரேடு எங்கயும் நானா போட மாட்டேன், போர்டு கேட்டா குடுப்பேன்.

பேரன்ட்ஸ் மீட்டிங்ல "அதெல்லாம் சரி மிஸ், கிளாஸ்ல எத்தனாவது?"ன்னு கட்டாயம் ஒருத்தர் கேப்பாங்க. வாதம் பண்ணாதீங்க. பிள்ளையோட நோட்டைப் பிரிச்சு ஜூன்ல போட்ட ஒரு கழித்தலையும் இப்ப போட்டதையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, அதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்க. அதுக்கு அப்புறமும் ரேங்க் வேணும்னு நிக்கிறவங்களுக்கு ரிஜிஸ்டர் இருக்கவே இருக்கு.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முழு ஸ்கூலுக்கும் ஒரேயடியா மாத்தாதீங்க. ஒரு கிளாஸ், ஒரே ஒரு பாடம், பின்னமோ முழுக்களோ எதுல பிள்ளைங்க அதிகமா தப்பு பண்ணுதோ அது. போன பரீட்சை பேப்பர் கட்டை எடுத்து தப்பு விடைகளை மட்டும் வகை வகையா பிரிச்சு அடுக்குங்க, மூணு நாலு குவியல் வரும். உங்க மட்டம் 1-ம் மட்டம் 2-ம் அந்தக் குவியல்லயே இருக்கும், அதைப் பாத்து எழுதுங்க, நெட்ல தேடாதீங்க.